கேம் காணும் என்று சொல்லுமுன், அது என்ன கேம் என்று பாருங்கள்

புலம்பெயர்ந்த நம் வீடுகளில் பின்னேரங்களில் அதிகம் சொல்லப்படும் வசனம் எது என்று ஒரு போட்டி வைத்தால், "கேம் விளையாடினது காணும், போய்ப் படி" என்பதுதான் முதலாவதாக வரும். ரொறன்ரோவோ, லண்டனோ, சூரிச்சோ, ஒஸ்லோவோ, வசனம் ஒன்றுதான். அதில் பெரிய பிழையும் இல்லை. பிள்ளையின் நேரத்தையும் நித்திரையையும், சில வேளை அப்பாவின் கிரெடிட் கார்ட்டையும் சேர்த்துத் தின்னும் விளையாட்டுகள் நிறையவே உண்டு.

ஆனால் எல்லாக் கேமும் ஒரே வகை இல்லை. மின்சுற்றுகளை, அதாவது கணினியின் உள்ளே இருக்கும் சுற்றுகளை, நாமே வயர் இழுத்துக் கட்டும் புதிர் விளையாட்டுகள் என்று ஒரு சிறிய குடும்பம் இருக்கிறது. சுடுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. திரையில் சில பெட்டிகள், சில வயர்கள், ஒரு கேள்வி. அவ்வளவுதான். எட்டிப் பார்க்கிற அம்மாவுக்கு அது கேம் மாதிரியும் தெரியாது, படிப்பு மாதிரியும் தெரியாது. அதனாலேயே இந்தக் கட்டுரை.

நம் பிள்ளைகளில் நிறையப்பேர் கணினி விஞ்ஞானம் படிக்கப் போகிறார்கள். பல வேளைகளில் நாங்கள் போகச் சொல்வதால்தான் போகிறார்கள். அந்தப் படிப்பின் அடிவேர் எப்படி இருக்கும், அது தனக்குப் பிடிக்குமா என்பதைப் பதின்நான்கு, பதினைந்து வயதிலேயே ஒரு பிள்ளை தானாகத் தொட்டுப் பார்க்க இந்த விளையாட்டுகளைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாத ஒரு அப்பாவும் இங்கேயே பிறந்த ஒரு பிள்ளையும் ஒரே மேசையில் இருந்து சமமாக யோசிக்கக்கூடிய அபூர்வமான இடமும் இதுதான்.

நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு பக்டரியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக வேலை செய்கிறவன். பத்தாம் வகுப்பில் படிக்கிற மகள் இருக்கிறாள். பட்டம் ஏதும் இல்லை. வயரும் சுவிச்சும் ரிலேயும் தெரியும். இதைப் பற்றிப் பேச அது போதும். ஏன் என்பது கீழே வரும்.

ஒரேயொரு படலையில் இருந்து

தொடங்குவதற்கு ஆகச் சுலபமானது நான்ட்கேம். காசு இல்லை, டவுன்லோட் இல்லை, இணையத்தில் திறந்தால் போதும். முதல் கட்டத்தில் சில ரிலேக்களைத் தருவார்கள். கூடவே ஒரு சின்ன அட்டவணை: இரண்டு உள்ளீடுகளிலும் கரண்ட் வந்தால் வெளியே கரண்ட் வரக்கூடாது, மற்ற எல்லா வேளையும் வரவேண்டும். அதற்கேற்ப வயர் இழுக்க வேண்டும். சரியாக வந்தால், நீங்கள் கட்டியதை ஒரு பெட்டியாக்கி அடுத்த கட்டத்தில் உங்களிடமே திருப்பித் தருவார்கள். அந்தப் பெட்டிகளை வைத்து இன்னொன்று, அதை வைத்து மற்றொன்று. கூட்டல் செய்யும் சுற்று, பிறகு கணக்குப் பகுதி, பிறகு நினைவகம். கடைசியில் உங்கள் முன்னால் ஒரு முழுக் கணினியே நிற்கும். அதில் நீங்கள் கட்டாத பகுதி என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இருக்காது.

2021இல் வெளிவரத் தொடங்கிய டியூரிங் கம்ப்ளீட் இதே பாதையில் இன்னும் தூரம் போகிறது. அது காசுக்கு. அங்கே நீங்கள் கட்டிய கணினிக்கு நீங்களே கட்டளைகளை வகுத்து, அதில் புரோகிராம் எழுதிப் புதிர்களை விடுவிக்க வேண்டும். நான்ட்கேமுக்கு முன்மாதிரியாக இருந்தது நோம் நிசான், ஷிமோன் ஷோக்கன் என்ற இரு பேராசிரியர்கள் உருவாக்கிய நான்ட்-டூ-டெட்ரிஸ் என்ற பாடநெறி. அவர்களுடைய புத்தகம் 2005இல் வந்தது. பாடத்துக்கான பயிற்சிகள் இன்றைக்கும் இலவசம்.

இது புதிய யோசனையும் இல்லை. 1982இல் அப்பிள்-2 கணினியில் ராக்கிஸ் பூட்ஸ் என்று பிள்ளைகளுக்கான விளையாட்டு ஒன்று வந்தது. வாரன் ராபினெட், லெஸ்லி கிரிம் ஆகியோர் செய்தது. குறிப்பிட்ட நிறமும் வடிவமும் உள்ள பொருள் வந்தால் மட்டும் ஒரு சப்பாத்து அதை உதைக்க வேண்டும். அதற்குச் சுற்றைப் பிள்ளைதான் கட்ட வேண்டும். 1984இல் அதன் அடுத்த தலைமுறையாக ரோபோ ஒடிசி வந்தது. அது கஷ்டத்துக்கே பெயர் போனது.

இந்தச் சுற்றுகளின் அடிப்படைத் துண்டை இங்கிலீஷில் லாஜிக் கேட் என்பார்கள். தமிழ்நாட்டில் தருக்க வாயில் என்கிறார்கள். இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகங்களில் அதற்குப் பெயர் தருக்கப் படலை. நம் வீட்டு வேலியில் இருந்த அதே படலை. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. திறந்திருந்தால் ஆள் போகலாம், பூட்டியிருந்தால் போகேலாது. கணினிக்குள் இருப்பதெல்லாம் கோடிக்கணக்கான படலைகள்தான்.

இதில் அதிசயம், ஒரேயொரு வகைப் படலை போதும் என்பது. ஹென்றி ஷெஃபர் என்ற அமெரிக்கர் 1913இலேயே இதைக் காட்டிவிட்டார். 'இரண்டும் இருந்தால் மட்டும் இல்லை' என்ற நான்ட் ஒன்றை வைத்தே மற்ற எல்லாத் தருக்கத்தையும் கட்டலாம். 'ஒன்றுமே இல்லாவிட்டால் மட்டும் ஆம்' என்ற நோர் படலையாலும் அப்படியே. சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுபோன அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டிக் கணினி சுமார் 5,600 நோர் படலைகளால் கட்டப்பட்டது. தருக்கத்துக்கு வேறு வகைப் படலை அதில் பயன்படவில்லை. உங்கள் வீட்டுச் சின்னவர் மைன்கிராப்டில் ரெட்ஸ்டோன் டார்ச் வைத்துக் கதவு திறக்கப் பண்ணுகிறாரா? அந்த டார்ச் செய்வதும் அடிப்படையில் அதே நோர் வேலைதான். 'சும்மா கட்டை அடுக்கிக்கொண்டு இருக்கிறான்' என்று நினைக்க வேண்டாம்.

பச்சைப் பொத்தானின் ரகசியம்

இனி, நம் ஆட்களுக்கு இது ஏன் நெருக்கம் என்று சொல்கிறேன்.

புலம்பெயர்ந்து வந்த முதல் தலைமுறையில் எத்தனை பேர் பக்டரிகளில் நின்றிருக்கிறோம்! உலோகத்தை அமுக்கும் மெஷின் ஒன்றில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் ஒன்றாக அமத்தினால்தான் மெஷின் இறங்கும். ஒரு கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. அந்தப் பாதுகாப்பின் அடியில் இருப்பது 'இதுவும் அதுவும்' என்ற படலை.

வீட்டுக்கு வாருங்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சுவிச், மேலே ஒரு சுவிச், நடுவில் ஒரு லைற். கீழே போட்டுவிட்டு ஏறி மேலே அணைக்கலாம். எந்த ஒன்றைத் தட்டினாலும் லைற் மாறும். இதைச் 'சரியாக ஒன்று மட்டும்' என்ற படலை என்று சொல்லலாம். இங்கிலீஷில் எக்ஸோர்.

இப்போது கூட்டல். கணினிக்கு 0, 1 என்று இரண்டே இலக்கங்கள். பூச்சியத்தோடு ஒன்றைக் கூட்டினால் ஒன்று. ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் பூச்சியம் போட்டு, மிச்சம் ஒன்றை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போடுகிற இலக்கத்தைத் தருவது மாடிப்படிச் சுவிச்சின் தருக்கம். கொண்டுபோகிற ஒன்றைத் தருவது அந்த மெஷினின் இரட்டைப் பொத்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கூட்டல் கணக்குச் செய்கிற சுற்று ரெடி. மகளுக்கு நான் இதைச் சொன்னது நம் வீட்டு மாடிப்படியில் நின்றுதான். பத்துத் தரம் லைற்றைப் போட்டு அணைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப எங்கட வீடு கூட்டத் தெரிஞ்ச வீடா அப்பா?" என்று கேட்டாள். அரைவாசி தெரிஞ்ச வீடு என்றேன்.

எனக்கு ஆகவும் பிடித்த கட்டம் நினைவகம். சுவிச்சுக்கு எப்படி ஞாபகம் வரும்? பக்டரியில் மோட்டார் ஓட்டுகிற பச்சைப் பொத்தானை யோசித்துப் பாருங்கள். ஒருக்கா அமத்திவிட்டுக் கையை எடுத்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். சிவப்பை அமத்தும் வரைக்கும் நிற்காது. பொத்தான் திரும்பி மேலே வந்துவிட்டதே, பிறகு யார் ஞாபகம் வைத்திருப்பது? காரணம் எளிது. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற கொன்டாக்டர் இழுபட்டதும், பச்சைப் பொத்தானுக்குப் பக்கவாட்டில் உள்ள ஒரு சின்னத் தொடுப்பையும் சேர்த்து மூடிவிடுகிறது. அதன் பிறகு தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கிறது. வெளியே வந்த கரண்ட் திரும்ப உள்ளே போய்த் தன்னையே தாங்குகிறது.

நான்ட்கேமில் 'லாட்ச்' என்ற கட்டத்தில் செய்ய வேண்டியதும் இதேதான். வெளியீட்டை எடுத்துத் திரும்பவும் உள்ளீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அதுவரை எல்லா வயரும் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்ததால், வயரைத் திருப்பிவிடலாம் என்று மகளுக்குத் தோன்றவே இல்லை. நான் விளையாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பச்சைப் பொத்தானைக் கடதாசியில் கீறிக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஓ... அது தன்ர கையைத் தானே பிடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டு மவுஸை எடுத்தாள். பக்டரியில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மோட்டார் தானாக ஓடாது, நாம்தான் திரும்பப் பச்சையை அமத்த வேண்டும். சேவ் பண்ணாத அசைன்மென்ட் கரண்ட் போனதும் காணாமல் போவது ஏன் என்று அன்றைக்கு அவளுக்கு விளங்கியது.

ரிலேயும் தருக்கமும் ஒன்று என்பதைப் படிப்புலகத்துக்குக் காட்டியது குளோட் ஷானன். 1937இல் எம்ஐடியில் தன் முதுகலை ஆய்வில், ஜோர்ஜ் பூல் 1854இல் எழுதிய தருக்கக் கணிதம் ரிலேச் சுற்றுகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நிறுவினார். அப்போது அவருக்கு 21 வயது. டிஜிட்டல் உலகத்தின் அத்திவாரம் அந்த ஆய்வு. அந்த அத்திவாரத்தின் ஒரு மூலையில்தான் நம் அப்பாமார் பலர் இருபது, முப்பது வருடமாக ஓவர்டைம் செய்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல இதில் கதை இருக்கிறது.

தாயும் தகப்பனும், தாயோ தகப்பனோ

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. தமிழில் இந்தப் படலைகள் சொல்லின் வாலிலேயே இருக்கின்றன. "தாயும் தகப்பனும் கையெழுத்து வைக்கவேணும்" என்றால் இருவரும் வைக்க வேண்டும். "தாயோ தகப்பனோ வைக்கலாம்" என்றால் ஒருவர் போதும், இருவரும் வைத்தாலும் பிழையில்லை. "சோறா இடியப்பமா?" என்று அம்மா கேட்டால் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். அங்கே 'இரண்டும்' என்ற பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கே தெரியும். 'உம்'மும் 'ஓ'வும் 'ஆ'வும் இலக்கணப் பாடத்தில் எத்தனை தரம் சொன்னாலும் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அலுப்பு. அதையே ஒரு லைற்றுக்கும் இரண்டு சுவிச்சுக்கும் விதியாக எழுதச் சொல்லிப் பாருங்கள். அட்டவணையைத் தமிழில் வாசிக்க வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மார்க் இல்லாத இடம்

சில வருடங்களுக்கு முன் மகளை ஒரு கோடிங் வகுப்புக்கு அனுப்பினோம். கட்டணம் குறைவில்லை. கடைசி நாளில் திரையில் ஒரு பூனை ஓடியது. கைதட்டினோம், சான்றிதழ் தந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில், அந்தப் பூனை ஏன் சுவரில் முட்டினதும் திரும்புது என்று கேட்டேன். "ரீச்சர் அப்பிடி வைக்கச் சொன்னவ" என்றாள். பிள்ளையில் குறை சொல்ல முடியாது. அவளிடம் யாரும் யோசிக்கச் சொல்லவில்லை, வைக்கத்தான் சொன்னார்கள்.

நான்ட்கேமில் எக்ஸோர் கட்டத்தை அவள் ஆறு நான்ட்டுக்குச் சமமான துண்டுகளால் முடித்தாள். சரிதான், அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஆனால் இதைவிடக் குறைவாகவும் செய்யலாம் என்று விளையாட்டு சொன்னது. நான்கு போதும். எப்படி என்று சொல்லவில்லை. இரண்டு பின்னேரம் அந்த நான்கைத் தேடினாள். யாரும் கேட்கவில்லை, மார்க் இல்லை, போட்டி இல்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் போய் வயரை மாற்றி வைத்தாள். பஸ்ஸில் வரும்போது பிடிபட்டதாம்.

யூடியூபில் அந்த விடை இல்லையா? இருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலும் சொல்லும். வீட்டுப்பாடத்தை அப்படிக் கேட்டு எழுதுகிற பிள்ளைகளைப் பற்றித்தான் இப்போது எல்லாப் பெற்றோரும் பேசுகிறோம். ஆனால் மார்க்குக்காகச் செய்யும் வேலையில்தான் பார்த்து எழுத ஆசை வரும். இங்கே பார்த்துச் செய்தால் ஏமாறுவது செய்கிறவர் மட்டும்தான். விடை எங்கும் மலிந்து கிடக்கும் காலத்தில், விடை தெரியாமல் இரண்டு நாள் இருக்கப் பழகுவது ஒரு பெரிய சொத்து. அதை ரியூசனில் வாங்க முடியாது, ஏனென்றால் ரியூசன் விற்பதே விடையைத்தான்.

சாக்ட்ரோனிக்ஸ் என்ற நிறுவனத்தின் விளையாட்டுகள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவை. 2016இல் வந்த ஷென்ஜென் ஐ/ஓ என்ற விளையாட்டில் சீனாவில் வேலைக்குப் போன ஒரு மின்னணுப் பொறியியலாளராக நீங்கள். சுற்றுப் பலகையில் சில்லுகளை வைத்து, வயர் இழுத்து, சிறிய புரோகிராமும் எழுத வேண்டும். பாடம் சொல்லித் தருவதற்குப் பதில் முப்பது பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு கையேட்டைத் தந்து 'வாசி' என்று விட்டுவிடுவார்கள். முடித்த பிறகு உங்கள் செலவும் மின்சாரமும் மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு எங்கே நிற்கின்றன என்று ஒரு வரைபடம் காட்டும். சரி, பிழை என்று இரண்டு பெட்டிகள் மட்டும் இல்லை. சரியான விடைகளிலும் மலிவானது, வேகமானது என்று பல உண்டு. வேலைக்குப் போன பிறகு சந்திக்கிற உலகமும் அப்படித்தான்.

பிடிக்காவிட்டால் அதுவும் பதில்தான்

கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் மெதுவாகப் பேசப்படும் ஒரு விசயம் உண்டு. "பெடியன் யூனியை விட்டிட்டானாம்." அதற்குப் பின்னால் பெரும்பாலும் சோம்பல் இருப்பதில்லை. சம்பளம் எவ்வளவு என்பது தெரிந்து, படிப்பு எப்படி இருக்கும் என்பது தெரியாமல் எடுத்த பாடமாக இருக்கும். கடனும் மனவேதனையும் மிச்சம். வீட்டில் ஆளுக்காள் பேச்சு நின்றிருக்கும்.

என் அக்காவின் மகனுக்கும் கொம்பியூட்டர் சயன்ஸ் என்றுதான் முடிவாகி இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அவனை இந்த விளையாட்டில் இருத்தினேன். மூன்று கிழமை விளையாடினான். கெட்டிக்காரன், எல்லாம் செய்தான். ஆனால் ஒரு நாள், "மாமா, செய்ய ஏலும். ஆனா வாழ்க்கை முழுக்க இதைச் செய்ய எனக்குப் பிடிக்கேல்ல" என்றான். அக்காவுக்கு அது நல்ல செய்தியாக இருக்கவில்லை, என்னோடும் கொஞ்ச நாள் கதை குறைவு. அவன் இப்போது நர்சிங் படிக்கிறான், விருப்பத்தோடு. அந்த மூன்று கிழமை அந்தக் குடும்பத்துக்கு நான்கு வருடத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். இந்த விளையாட்டுகளைப் பிள்ளையிடம் கொடுக்கிற பெற்றோர் இந்தப் பதிலுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். திரையில் உள்ள சுற்று சூடாகாது, புகையாது, ஆளை அடிக்காது. சுவரில் உள்ளது அடிக்கும். விளையாடிவிட்டுச் சுவிச் பெட்டியைத் திறந்து பார்க்க ஆசைப்படும் பிள்ளையை மறித்து, பற்றரியும் சின்ன லைற்றும் வாங்கிக் கொடுங்கள். இரண்டாவது, இவை கஷ்டமான விளையாட்டுகள். பத்து வயதுப் பிள்ளையைப் பிடித்து இருத்தி 'செய்' என்றால் அதுவும் இன்னொரு ரியூசன் ஆகிவிடும். பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்றுக்குப் பிறகு சரி. சின்னவர்களுக்கு மைன்கிராப்டின் ரெட்ஸ்டோனே காணும். மூன்றாவது, நல்ல கேம் என்றாலும் கண்ணுக்கும் நித்திரைக்கும் அளவு அளவுதான்.

பெற்றோருக்கு ஒன்று. பக்கத்தில் ஒரு கால் மணித்தியாலம் இருங்கள். விளங்கவில்லை என்றால் பிள்ளையைக் கேளுங்கள். "இந்த வயர் ஏன் இஞ்ச போகுது?" என்ற ஒரு கேள்வி போதும். தமிழில் விளக்கப் பிள்ளை தடுமாறும், பரவாயில்லை, கையால் காட்டட்டும். வயருக்கும் சுவிச்சுக்கும் இங்கிலீஷும் தமிழும் வேறு வேறு இல்லை. நீங்கள் பக்டரியில் நின்றவர் என்றால் உங்களிடமும் சொல்ல ஒன்று இருக்கும், அதைச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் "கேம் காணும், போய்ப் படி" என்று சொல்ல வேண்டிய பின்னேரங்கள் வரும். சொல்லத்தான் வேண்டும். சொல்லுமுன் திரையை ஒருக்கா எட்டிப் பாருங்கள். அங்கே பெட்டிகளும் வயர்களும் இருந்தால், பிள்ளை படித்துக்கொண்டுதான் இருக்கிறது.